மோட்டார் ரூம் மாப்பிள்ளை

தோட்டத்துக்கு இலவசக் கரண்டு வாங்கக் கோட்டைச்சாமி பதினாறு வருசம் நடையாய் நடந்தார். மனு கொடுத்தது எண்பத்தெட்டில். கம்பி வந்து சேர்ந்தது இரண்டாயிரத்து நாலில். இடைப்பட்ட காலம் பூராவும் டீசல் எஞ்சின்தான். பன்னீர் திராட்சையில் வந்த காசில் பாதியை அந்த எஞ்சினே குடித்துத் தீர்த்தது. காமயகவுண்டன்பட்டியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், அந்த ஆள் கோயிலில் கும்பிடுவது வருசத்துக்கு ஒருதரம், மோட்டார் ரூம் கதவைத் தொட்டுக் கும்பிடுவது தினமும் என்று. பெற்ற மகளையே ஒருதடவை கம்பம் சந்தையில் மறந்துவிட்டு பஸ் ஏறியவர், கரண்டு அட்டையை எங்கேயும் மறந்து வைத்ததில்லை.

இலவசக் கரண்டுக்கு ஒரே ஒரு கட்டுப்பாடு. மோட்டாருக்கு மட்டும்தான். உள்ளே வெளிச்சத்துக்குப் பல்பு எரிக்கலாம், குற்றமில்லை. வேறு எதை மாட்டினாலும் வயரை அறுத்துவிட்டுப் போய்விடுவார்கள். பக்கத்துத் தோட்டத்து ஒச்சாண்டி, கோழிக்குஞ்சுக்குச் சூடு காட்ட நாலு பெரிய பல்பு போட்டார். நாலே பல்பு. கவாத்து வெட்டி, கொடி தளிர் விடுகிற நேரம் பார்த்து வந்து அறுத்தார்கள். திரும்ப வாங்குவதற்குள் ரெண்டு ஏக்கர் கொடியும் பந்தலிலேயே சுள்ளியாகிப் போனது. ஒச்சாண்டி இப்போது தினம் விடியக்காலம் ஜீப்பில் தொற்றிக்கொண்டு கேரளாவுக்கு ஏலக்காய் பறிக்கப் போகிறார். ஐம்பத்தெட்டு வயசில்.

இதையெல்லாம் கண்ணால் பார்த்த கோட்டைச்சாமிதான் தன்னுடைய மோட்டார் ரூமுக்குள் விளையாட்டுக் கம்ப்யூட்டரைக் கொண்டுபோய் வைத்தார். யாரும் சொல்லி இல்லை. அவராகவே.

எல்லாம் மாப்பிள்ளைக்குப் பயந்துதான்.

விஜயகுமார் வேற்று ஆள் இல்லை. கூடலூரில் வாக்கப்பட்ட தங்கச்சி முருகம்மாளின் மகன். பள்ளிக்கூட லீவுக்கு வருகிறபோது ஒரு முன்னூறு ரூபாய் டிவி கேம் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டுதான் பஸ்ஸை விட்டு இறங்குவான். "ஏலே, கண்ணு அவிஞ்சு போகும்டா" என்று கோட்டைச்சாமி மண்டையில் குட்டுவார். இரண்டாயிரத்து ஆறில் மகள் நதியாவுக்கு அவன் தாலி கட்டினான். ஒரே மகள் என்பதால் வீட்டோடு மாப்பிள்ளை. தாலி ஏறிய நிமிசத்தில் 'ஏலே' போய் 'வாங்க மாப்ள, சாப்பிட்டீகளா' என்று ஆகிவிட்டது. வீட்டோடு இருக்கிற மாப்பிள்ளை கோபித்துக்கொண்டு பையைத் தூக்கினால் அப்புறம் மகள் மூலையில் உட்கார வேண்டியதுதான். அதோடு முருகம்மாள் கூடலூரில் வாயைத் திறந்தால் கம்பம் வரைக்கும் கேட்கும்.

குறை சொல்லவும் ஆள் தோதில்லை. குடி கிடையாது. பீடி கிடையாது. சீட்டு கிடையாது. கம்பத்தில் ஒரு செல்போன் கடையில் மூவாயிரத்து ஐநூறு சம்பளம். கடை விட்டால் நேரே வீடு. வீட்டுக்கு வந்தால் நேரே அந்த விளையாட்டு.

தலைதீபாவளிக்கு, "மோதிரம் வேணாம் மாமா, அந்தக் காசுல ஒரு கம்ப்யூட்டர் வாங்கிக் குடுத்துருங்க" என்றான். தேனிக்குப் போய் இருபத்தாறாயிரத்துக்கு வாங்கி வந்தார்கள். கோட்டைச்சாமி நினைத்தது, இது டிவி மாதிரி, ஒருக்கா வாங்கினால் பத்து வருசம் கிடக்கும் என்று. அங்கேதான் அவர் விழுந்தது.

ஆடி பிறந்ததும் ஏதோ கிராபிக்ஸ் கார்டாம், ஐயாயிரம் வேண்டும் என்றான்.

"அதான் வாங்கியாச்சே மாப்ள. நல்லாத்தானே ஓடுது?"

"ஓடுது மாமா. ஆனா இந்த வருசம் வந்த கேம் இதுல ஓடாது."

"போன வருசத்துதை விளையாடுங்களேன்."

"அது முடிஞ்சிருச்சு."

"முடிஞ்சா என்ன? மறுபடி முதல்லருந்து..."

விஜயகுமார் சிரித்தான். "மாமா, நம்ம தோட்டத்துல முன்னாடி அம்பதடிக் கெணத்துல தண்ணி கெடந்துச்சு. வத்துனதும் முந்நூறு அடி போர் போட்டீக. இப்ப ஐந்நூறு. அஞ்சு எச்பி இழுக்கலைன்னு ஏழரை மோட்டார் எறக்குனீக. ஏன், அம்பதடித் தண்ணியே போதும்னு இருக்க வேண்டியதுதானே? இதுவும் அப்படித்தான்."

கோட்டைச்சாமிக்கு அவன் சொன்னது புரிந்துவிட்டது, அதுதான் வம்பு. போர் போடுகிறவன் எந்த அடியில் நிறுத்தியிருக்கிறான்?

கார்டு வந்தது. அந்தக் கார்டுக்குக் கரண்டு பத்தவில்லை என்று உள்ளே இருந்த டப்பாவை மாற்றினான். பெரிய டப்பா போட்டதும் பெட்டி சூடானது, அதற்கு ரெண்டு காற்றாடி. அடுத்த தீபாவளிக்குப் பழைய கார்டு ஆகாதாம், புதுசு பதினோராயிரம். பழசை ஆயிரத்து இருநூறுக்குத் தள்ளிவிட்டான். அவன் சம்பளம் ஏறவில்லை, விளையாட்டு மட்டும் ஏறிக்கொண்டே போனது. நதியா விரலில் கிடந்த மோதிரம் ஒருநாள் காணோம். அப்புறம் ஒரு ஜோடி வளையல். கோட்டைச்சாமி பார்த்தார். பார்க்காத மாதிரி துண்டை உதறிக்கொண்டு எழுந்து போனார்.

கரண்டு கணக்கெடுக்க வந்த லைன்மேன் அய்யாத்துரை வீட்டு மீட்டரைப் பார்த்துவிட்டு, "என்னண்ணே, உள்ள ரைஸ்மில்லு ஓட்டுறீகளா?" என்று கேட்டான். இருநூறைத் தாண்டாத பில் ஆயிரத்தைத் தொட்டிருந்தது. அன்றைக்குத்தான் கோட்டைச்சாமிக்கு அந்த யோசனை உதித்தது. கஞ்சப் புத்தி. வேறு என்ன சொல்ல?

"மாப்ள, மோட்டார் ரூம்பு சும்மாதான் கெடக்கு. அங்கன வச்சுக்கிட்டா காத்தோட்டமா இருக்கும். யாரு தொந்தரவும் இல்ல" என்றார்.

விஜயகுமாருக்கு வாயெல்லாம் பல். அன்று சாயங்காலமே மூட்டை கட்டிவிட்டான். நதியா மட்டும் வாசலில் நின்று, "அப்பா, வீட்டுல இருந்தப்ப அவுக முதுகையாவது பாத்துக்கிட்டிருந்தேன்" என்றாள். அவர் காதில் அது ஏறவில்லை. பில் குறையும் என்கிற நினைப்பு மட்டும்தான் ஏறியது.

பில் குறைந்தது. தூக்கம் போனது.

அந்த ஊரில் ஜீப் சத்தம் ஓயாது. விடிகிற நேரத்தில் இருபது ஜீப் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு மலைக்குப் போகும், பொழுது சாய்கிறபோது திரும்பும். இத்தனை வருசம் காதில் விழாத சத்தம் இப்போது ஒவ்வொன்றும் நெஞ்சில் வந்து முட்டியது. எது கூலி ஜீப், எது கரண்டு ஆபீஸ் ஜீப் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மோட்டார் ரூம் சன்னலில் உரச்சாக்கை அடித்து மறைத்தார். அக்கம்பக்கத்துத் தோட்டத்து ஆள் யாராவது தீப்பெட்டி கேட்டு வந்தால், உள்ளே விடாமல் வழியிலேயே ஓடிப்போய்க் கொடுத்தார். டீக்கடையில் அய்யாத்துரையைப் பார்த்தால் அவன் கேட்காமலே வடை வாங்கிக் கொடுத்தார். அவன் சந்தேகமாய்ப் பார்த்துக்கொண்டே தின்றான்.

அதோடு போச்சா? மோட்டார் போடுகிற நேரம் கரண்டு ஒரு குலுக்குக் குலுக்கும். கம்ப்யூட்டர் அணைந்து அணைந்து எரிந்தது. ஸ்டெபிலைசர் என்று இன்னொரு நாலாயிரம். அதற்கும் அடங்கவில்லை. கடை லீவான ஒரு ஞாயிற்றுக்கிழமை, கவாத்து முடிந்த கொடிக்குத் தண்ணீர் விட வந்த கோட்டைச்சாமியை விஜயகுமார் கை காட்டி நிறுத்தினான். காதில் பெரிய மூடி மாட்டியிருந்ததால் கத்திப் பேசினான்.

"மாமா! ஒரு மணி நேரம் கழிச்சுப் போடுங்க! இப்பப் போட்டா கார்டு போயிரும்! பதினோராயிரம்!"

மோட்டார் இழுக்கிற மூணு பேஸ் கரண்டு ஒரு நாளைக்குச் சில மணி நேரம்தான் வரும், மற்ற நேரம் பல்பு எரிகிற கரண்டு மட்டும்தான். கோட்டைச்சாமி வரப்பில் குத்தவைத்துக் காத்திருந்தார். அவருடைய போர், அவருடைய மோட்டார், பதினாறு வருசம் அலைந்து வாங்கிய கரண்டு. பச்சைப் பொத்தானை அமுக்க மாப்பிள்ளையிடம் உத்தரவு வாங்க வேண்டியிருந்தது. ஒரு மணி நேரம் ரெண்டாச்சு. போட எழுந்தபோது மோட்டார் கரண்டு நின்றுவிட்டது. வாய்க்கால் காய்ந்து கிடந்தது. ஒச்சாண்டியின் பந்தல் கண்ணுக்குள் வந்து நின்றது.

மறுபடி வரப்பிலேயே உட்கார்ந்தார். மதியச் சோறு கொண்டுவந்த நதியா தூக்குவாளியைக் கதவோரம் வைத்துவிட்டு, உள்ளே நிமிர்ந்துகூடப் பார்க்காத புருசனையும் வெளியே வரப்பில் உட்கார்ந்திருந்த அப்பனையும் மாறி மாறிப் பார்த்தாள். திரும்பி நடந்தாள். அந்த வாரமே முந்தானையில் எதையோ முடிந்துகொண்டு கம்பத்துக்குப் போய் வந்தாள். வளையல் விசயமாய் இருக்கும் என்று இவர் நினைத்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி இருக்கும். ஞாயிறு கூலி ஜீப் ஓடாது. கொடியைக் கம்பியில் கட்டிக்கொண்டிருந்த கோட்டைச்சாமிக்கு வண்டிப்பாதையில் ஜீப் உறுமுகிற சத்தம் கேட்டதும் கையிலிருந்த நார் நழுவியது. பந்தலுக்கு அடியில் குனிந்து பார்த்தார். வெள்ளை ஜீப். முன்சீட்டில் ஒரு பொம்பளை. பின்னால் தொங்கிக்கொண்டு அய்யாத்துரை.

ஓடினார். அறுபது வயசுக்கு அது ஓட்டமே இல்லை, விழுந்து விழுந்து போனார்.

"மாப்ள! கரண்டு ஜீப்பு! அமத்துங்க!"

காதில் மூடி. திரையில் யாரோ துப்பாக்கியோடு படிக்கட்டில் ஏறிக்கொண்டிருந்தான். கோட்டைச்சாமி மூடியைப் பிடுங்கினார்.

"ஒரு நிமிசம் மாமா. ஒரே நிமிசம். இப்ப விட்டா மூணு நாள் விளையாண்டது பூராவும் போயிரும்."

"சர்வீசு போயிரும்யா!"

"சேவ் ஆகுற எடம் இந்தா வந்துருச்சு..."

வெளியே ஜீப் நின்றது. கதவு திறக்கிற சத்தம். கோட்டைச்சாமி சுவர்ப்பக்கம் பாய்ந்தார். மெயின் பெட்டியைத் திறந்து பியூஸ் கட்டையை வெறுங்கையால் பிடுங்கினார். கரண்டு ஆளைத் தூக்கியிருக்கும், அது வேறு விசயம். திரை கறுத்தது. காற்றாடி நின்றது. விஜயகுமார் அவரைத் திரும்பிப் பார்த்த பார்வை, கல்யாணமான இந்த மூன்று வருசத்தில் அவர் பார்த்தறியாத பார்வை.

அதிகாரியம்மா வாசலில் நின்றாள். சுகிர்தம் மேடம் என்று அய்யாத்துரை மரியாதையாய் ஒதுங்கினான். அவள் ஒரு தடவை சுற்றிப் பார்த்தாள். சுழல் நாற்காலி, மெத்தை, தூக்குவாளி, சாக்கு அடித்த சன்னல். கோட்டைச்சாமி கையில் பியூஸ் கட்டை. அவள் போய்க் கம்ப்யூட்டர் பெட்டியின் தலையில் உள்ளங்கையை வைத்தாள்.

"சுடுது" என்றாள்.

கோட்டைச்சாமி பியூஸ் கட்டையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"இங்கன திராட்சை வெளையுதா, இல்ல இதுதான் வெளையுதா?"

"தாயி, தெரியாமச் செஞ்சுட்டேன்..."

"பதினாறு வருசம் காத்திருந்து வாங்குன சர்வீசுன்னு அய்யாத்துரை சொன்னாரு. தெரியாமயா செஞ்சீங்க?" அவள் குரல் ஏறவே இல்லை. "ஓடிக்கிட்டு இருக்கப்பப் பாத்திருந்தேன்னா இப்பவே அறுத்திருப்பேன். ரிப்போர்ட் மேல போகும். வைக்கிறதா எடுக்கிறதான்னு கடிதாசி வரும். அதுவரைக்கும் மோட்டாரைத் தவிர ஒரு கொசுவத்தி மெஷினு மாட்டினாலும் நான் பொறுப்பில்ல. உங்க மேல பெட்டிசன் வந்திருக்கு, தெரியுமா?"

கோப்பைத் திறந்து காட்டினாள். ஒரு நோட்டுத் தாள். கோட்டைச்சாமிக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. மூன்றாம் வகுப்போடு சரி. ஆனால் அந்தத் தாளை அவருக்குத் தெரியும். திராட்சைப் பெட்டி எடை எழுதுகிற நோட்டின் தாள், ஓரத்தில் பச்சைக் கோடு. அந்த எழுத்தும் தெரியும். அடைமழையில் சாய்ந்த நெல்லு மாதிரி வலது பக்கம் சாய்ந்த எழுத்து. கமிசன் கடைக்குப் போகிற ஒவ்வொரு லோடிலும் அதுதான் ஒட்டியிருக்கும்.

"யாரு எழுதுனதுன்னு தெரியுதா?" என்று அய்யாத்துரை கேட்டான்.

"தெரியல" என்றார்.

ஜீப் போனதும் வீட்டுக்கு வந்தார். மனைவி பவுனு கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். நதியா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அவர் சுற்றி வளைக்கவில்லை.

"நீயாத்தா எழுதுன?"

முறம் நின்றது. "ஆமா."

"ஒச்சாண்டி தோட்டத்தை நீ பாத்தியா இல்லையா?"

"பாத்தேன்."

"சர்வீசு போயிருந்தா நாம பிச்சைதான் எடுக்கணும். தெரிஞ்சுதான் எழுதுனியா?"

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். "நான் அவுகளுக்குப் பயந்தேன். நீங்களும் பயந்தீக. அம்மாவுஞ் சேத்து மூணு பேரும் பயந்தோம். மோதிரம் போச்சு, வளையல் போச்சு, இப்பத் தண்ணியும் போச்சு. உங்க பொத்தானை நீங்க அமுக்க முடியாம வரப்புல உக்காந்திருந்தீகளேப்பா. அவுகளுக்குப் பயப்படாத ஆளு ஒருத்தராவது வேணும்னுதான் கரண்டு ஆபீசுக்கு எழுதுனேன்."

கோட்டைச்சாமி செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். அடிக்கவும் தோன்றவில்லை, அழவும் தோன்றவில்லை.

கடிதாசி வர பத்தொன்பது நாள் ஆனது. தினம் போய்ப் பச்சைப் பொத்தானில் விரலை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு அமுக்குவார். மோட்டார் உறுமினால்தான் மூச்சு வரும். தளிர் விட்டது, இலை விரிந்தது, அவருக்கு அது சந்தோசமாய் இல்லை. அறுக்கிறவன் இந்த நேரம் பார்த்துத்தான் வருவான். கம்ப்யூட்டர் வீட்டு மூலையில் கோணிக்குள் கிடந்தது. விஜயகுமார் கடைக்குப் போனான், வந்தான், சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான்.

தபால்காரர் கவரைக் கொடுத்தபோது நதியா வழக்கம்போலக் கையை நீட்டினாள். வீட்டுக்கு வருகிற எந்தக் காகிதத்தையும் அவள்தான் படித்துச் சொல்வாள். கோட்டைச்சாமி கவரை நெஞ்சோடு பிடித்துக்கொண்டார். பிறகு கொடுத்தார். அவள் படித்தாள்: அபராதம் ஆறாயிரத்து இருநூறு, பதினைந்து நாளில் கட்ட வேண்டும், சர்வீஸ் இருக்கும், இன்னொரு தடவை பிடிபட்டால் நிரந்தரமாய்த் துண்டிப்பு. மறுபடி படிக்கச் சொன்னார். மறுபடியும் அதேதான். அப்படியும் ஆறவில்லை. டவுன் பஸ் ஏறிக் கம்பத்துக்குப் போய், முன்பின் தெரியாத ஒரு மருந்துக் கடைக்காரரிடம் நீட்டினார். அவரும் எழுத்து மாறாமல் அதையே சொன்னார். கோட்டைச்சாமிக்கு வெட்கமாக இருந்தது. மகளுக்கு ஒரு பாக்கெட் பக்கோடா வாங்கிக்கொண்டு திரும்பினார்.

அன்று சாயங்காலம் விஜயகுமார் ஏழாயிரம் ரூபாயைக் கொண்டுவந்து அவர் கையில் வைத்தான்.

"வித்துட்டேன் மாமா. கம்பத்துல ஒரு பிரவுசிங் சென்டர்ல. அபராதத்தைக் கட்டிருங்க."

போட்டது ஐம்பதாயிரம் இருக்கும். வந்தது ஏழு. இருந்தாலும் கோட்டைச்சாமிக்குக் கண் கலங்கிவிட்டது. பிள்ளை திருந்திவிட்டான் என்று பவுனு தட்டில் கூட ஒரு கரண்டி குழம்பு ஊற்றினாள். விஜயகுமார் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான்.

"அது பழசு மாமா. இனிமே வர்ற எதுவும் அதுல ஓடாது. எப்படியும் மாத்தித்தான் ஆகணும். இப்ப வந்திருக்குறது நாப்பத்தஞ்சாயிரம். இந்தத் தீபாவளிக்கு..."

பவுனுவின் கரண்டி சட்டிக்குள்ளேயே நின்றது. நதியா அப்பனைப் பார்த்தாள். கெஞ்சவில்லை, சும்மா பார்த்தாள்.

கோட்டைச்சாமி சொம்பைக் கையில் எடுத்தார். கூடலூர் தங்கச்சி, ஊர் வாய், மூலையில் உட்காரப்போகிற மகள், எல்லாம் ஒரே நேரத்தில் வந்து நின்றன. ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார்.

"முடியாது மாப்ள."

"என்ன மாமா?"

"வாங்கித் தர மாட்டேன். இந்த வருசம் இல்ல. எந்த வருசமும் இல்ல."

கத்துவான், தட்டைத் தள்ளுவான், பையைத் தூக்குவான் என்று மூன்று பேரும் காத்திருந்தார்கள். காலில் விழுந்து கெஞ்சுவதற்குக்கூட கோட்டைச்சாமி மனசைத் தயார் செய்து வைத்திருந்தார்.

"சரி மாமா" என்றான் விஜயகுமார். மிச்சச் சோற்றைப் பருக்கை விடாமல் வழித்துச் சாப்பிட்டான். கை கழுவினான். ஆணியில் கிடந்த பைக் சாவியை எடுத்துக்கொண்டு செருப்பை மாட்டினான்.

"எங்க மாப்ள, இந்த நேரத்துல?"

"சும்மா மாமா."

அந்தச் 'சரி'யில் என்ன இருந்தது என்று கோட்டைச்சாமிக்குப் பிடிபடவில்லை. கோபம் இருந்திருந்தால் தெரிந்திருக்கும். இடுப்பைத் தடவி மோட்டார் ரூம் சாவி இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது. ஆனால் வயர் வெளியே கரண்டு மரத்தில் அல்லவா இருக்கிறது. ஒரு கொக்கியைப் போட்டுத் திருட்டுக் கரண்டு இழுக்க எவ்வளவு நேரமாகும், ஒருத்தன் வேண்டுமென்றே தன்னை மாட்டிவிட எவ்வளவு நேரமாகும்?

பைக் கிளம்பியது. தெருமுனையில் ரெண்டு பாதை. ஒன்று பஸ் ஸ்டாண்டு வழியாய்க் கூடலூருக்கு, ஒன்று தோட்டத்துக்கு. பவுனு கரண்டியைப் பிடித்தபடி நின்றாள். நதியா வாசல்படியில் ஒரு காலை வைத்து நின்றாள். சத்தம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று மூன்று பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டார்கள்.